மூன்று எழுத்துப் பிழை

அத்தியாயம் ஆறு

மொட்டைக் கடிதம் என்றாலே டீச்சருக்கு அலுப்பு. கொலை, கொள்ளை, ஆள் கடத்தல் என்றால் குற்றவாளியைத் தேடி நாலு தெருவாவது அலையலாம். மொட்டைக் கடிதத்துக்கு அந்த அலைச்சல்கூடத் தேவைப்படுவதில்லை. எழுதியவர் பெரும்பாலும் அதே வீட்டில், அதே கூடத்தில், மற்றவர்களோடு சேர்ந்து 'யார் எழுதியிருப்பா?' என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார்.

இருபத்திரண்டு வருடம் தட்டச்சுப் பயிலகம் நடத்திவிட்டுத் துப்பறிய வந்தவர் அவர். பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. இந்த வாரத்தில் இது மூன்றாவது வழக்கு. வலது முழங்கால் காலையிலிருந்தே சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

காரை அச்சகத்துக்கு எதிரே ஓரங்கட்டியிருந்தான் அவருடைய உதவியாளன். பத்து வருடம் வாடகைக் கார் ஓட்டியவன். நாற்பதைத் தாண்டியும் வாய் அடங்கவில்லை என்பதால் லொள்ளு என்ற பட்டப்பெயர் நிலைத்துவிட்டது.

பின் சீட்டில், வழக்கைக் கொண்டுவந்த அந்த அச்சகத்தின் பைண்டர் உட்கார்ந்திருந்தார். இடது புருவத்துக்கு மேல் பிளாஸ்திரி. விரல் நகங்களில் காய்ந்த பசை.

"முதல்ல இருந்து ஒரு தடவை சொல்லுங்க," என்றார் டீச்சர்.

"முதலாளியோட அண்ணன் பொண்ணு எங்க கடையில டிசைனர். மூணு வாரத்துல அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம். போன வாரம் மாப்பிள்ளை வீட்டுக்கு இந்தக் கடுதாசி போயிருக்கு. அவங்க கல்யாணத்தையே போன்ல முறிச்சுக்கிட்டாங்க. கடுதாசியில இருக்கறது எங்க கடை எழுத்து. அந்தப் பொண்ணே வரைஞ்சு செஞ்சது, வேற எங்கயும் கிடையாது. கடையில இருக்கறது மூணே பேரு. இவ்வளவு தப்பா எழுதறவன் நான் ஒருத்தன்தான்னு பொண்ணோட அண்ணன் நேரா வந்து..." பிளாஸ்திரியைத் தொட்டுக் காட்டினார். "நாளையோட வேலையை விட்டு நின்னுக்கச் சொல்லிட்டாங்க. வேலை போனா போகுதுங்க. ஒரு பொண்ணோட வாழ்க்கையைக் கெடுத்தவன்னு என் பிள்ளைங்க காதுல விழுந்துருச்சு. அதுதான் தாங்கல."

டீச்சர் கடிதத்தின் நகலைப் பிரித்தார்.

'உங்கல் வீட்டுக்கு மருமகலாக வரப்போகும் பென்னைப் பர்ரித் தெரிந்துகொல்லுங்கல். அவலுக்கு ஏர்கெனவே பதிவுத் திருமனம் ஆகிவிட்டது. கனவன் வெலியூரில் இருக்கிரான். உங்கல் பில்லையின் வாழ்க்கை பாழாகிவிடக் கூடாது. குழப்பம் இருந்தால் விசாரித்துக்கொல்லுங்கல். - நலம்விரும்பி.'

லொள்ளு எட்டிப் பார்த்தான். "தெரிஞ்சுக்கிட்டு அப்புறம் கொல்லணுமாம், டீச்சர். விசாரிச்சும் கொல்லணுமாம். ரொம்ப முறையான ஆளு."

"வாயை மூடு."

"கனவன் வெலியூர்ல இருக்கானாம். கனவுல மட்டும் வர்ற புருஷன் போல."

டீச்சர் தன் குறிப்பேட்டையும் பென்சிலையும் பின் சீட்டுக்கு நீட்டினார். "'என் வாழ்க்கையைப் பற்றி'ன்னு எழுதுங்க."

பைண்டரின் முகம் சிறுத்துப்போனது. ஆனாலும் வாங்கினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, பென்சிலை அழுத்திப் பிடித்து எழுதினார். 'என் வாள்கைய பத்தி.'

டீச்சர் அதைக் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "நீங்க எழுதல," என்றார்.

பைண்டர் நம்பாமல் பார்த்தார். "அதான் நானும் தப்பா எழுதியிருக்கேனே?"

"நீங்க விட்டது வேற தப்பு. வாழ்க்கை, பாழ், குழப்பம். கடிதத்துல ஒரு 'ழ'கூட இடறல. தமிழ் தடுமாறுறவங்க முதல்ல இடறி விழற இடமே அதுதான். அப்புறம் 'பற்றி'. தெரியாதவங்க உங்களை மாதிரி 'பத்தி'ன்னு பேசற மாதிரியே எழுதுவாங்க. இதுல 'பர்ரி'ன்னு இருக்கு. அப்படி யாரும் பேசறதும் இல்ல, எழுதறதும் இல்ல. 'பதிவுத் திருமணம்'னு நடுவுல 'த்' வேற பொறுப்பாப் போட்டிருக்கு. இவ்வளவு தெரிஞ்சவருக்கு 'உங்கள்' எழுத வராதா?"

"வேணும்னே தப்பு விட்டிருப்பான்," என்றான் லொள்ளு.

"வேணும்னே விட்டா அங்கொண்ணும் இங்கொண்ணுமா இருக்கும். இதுல மூணே எழுத்துதான் தப்பு. ள, ண, ற. மூணும் எல்லா இடத்துலயும் செத்துக்கிடக்கு. ஒரு இடத்துலகூடத் தப்பிப் பிழைக்கல. அப்படின்னா தப்பு ஆள்கிட்ட இல்ல, கீபோர்டுகிட்ட." டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "ஃபொனடிக்னு ஒரு முறை இருக்கு. இங்கிலீஷ் எழுத்தைத் தட்டினா தமிழ் விழும். எல் தட்டினா 'ல'. ஷிஃப்டை அழுத்திக்கிட்டு அதையே தட்டினா 'ள'. 'ன'வுக்கு ஷிஃப்ட் போட்டா 'ண'. 'ர'வுக்குப் போட்டா 'ற'. 'ழ'வுக்கு மட்டும் ஷிஃப்ட் வேண்டாம், இசட்தான்."

லொள்ளு ஒரு நிமிடம் பேசவில்லை. அவனுக்கு அது அபூர்வம். "அப்ப ஷிஃப்ட் கீ கெட்டுப்போன ஒரு கீபோர்டைத் தேடணும்."

"ஃபொனடிக் அடிக்கிற, ஷிஃப்ட் கெட்டுப்போன ஒண்ணு. ஏறலாம் வா. எத்தனை மாடி?"

"ரெண்டு."

டீச்சர் தன் முழங்காலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

*

கண்ணாடிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'வெள்ளிக்கிழமை கடை விடுமுறை. வாடிக்கையாளர்கள் பொறுத்துக்கொள்ளவும்.' 'ழ'வின் வால் ஒரு சுற்று கூடுதலாகச் சுழித்து நின்றது. கடிதத்தில் இருந்த அதே வால்.

உள்ளே ஒரு சுவர் முழுக்கக் காகிதக் கட்டு. மூலையில் வெட்டும் இயந்திரம். எதிரும் புதிருமாக இரண்டு மேஜைகள், இரண்டு கணினிகள். ஒன்றுக்கு உறை போட்டிருந்தது. மற்றொன்றின் முன்னால் முதலாளி தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு வாரப் பத்திரிகையின் முதல் பக்கம். படங்கள் இருந்த இடத்தில் இருந்தன. எழுத்து இருக்க வேண்டிய இடமெல்லாம் குட்டிக் குட்டிக் கட்டங்கள்.

"இது பத்திரிகையா, குறுக்கெழுத்துப் போட்டியா?" என்றான் லொள்ளு.

முதலாளி சிரிக்கவில்லை. மூன்று நாள் தாடி. கண்ணுக்குக் கீழே கருமை. "நாளைக்குக் காலையில அச்சுக்குப் போகணும். திறந்தா ஃபான்ட் காணலங்குது. பாப்பா இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. அந்தக் கடிதம் வந்த நாள்ல இருந்து அவ கடைப் பக்கமே வரல. போன் போட்டுக் கேக்கற மாதிரியும் இல்ல."

"இந்த ஃபான்ட், அதான் உங்க கடை எழுத்து, உங்க கணினியில இல்லையா?"

"இருந்ததே இல்லை. பாப்பாவோடதுல மட்டும்தான். அதுக்கு பாஸ்வேர்டு இருக்கு, எனக்குத் தெரியாது."

டீச்சர் கதவைக் காட்டினார். "அந்த விடுமுறை அறிவிப்பை யார் அடிச்சது?"

"நான்தான். போன மாசம். ஏன்?"

"எங்க வச்சு அடிச்சீங்க?"

"இங்கதான், இதே கணினியில." திரையின் மூலையில் இருந்த கோப்பை அவரே சுட்டிக் காட்டினார். டீச்சர் அதைத் திறந்தார். இரண்டு வரி. இரண்டும் கட்டங்கள்.

டீச்சர் அதை மூடினார். பிறகு மற்ற மேஜைக்குப் போய் உறையை எடுத்தார். இரண்டு விசைப்பலகைகளும் ஒரே நாளில் வாங்கியவை போலிருந்தன. ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே அளவு அழுக்கு. அண்ணன் மகளின் மேஜையில் இருந்ததைக் கழற்றிக் கொண்டுவந்து முதலாளியின் கணினியில் செருகினார். வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, இடது ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ஆங்கில 'ஏ'யைத் தட்டினார். சின்ன எழுத்து விழுந்தது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் சின்ன எழுத்து. வலது ஷிஃப்டை அழுத்தினால் பெரிய எழுத்து சரியாக வந்தது.

அதன் பிறகு முதலாளியின் மேஜையில் இருந்த விசைப்பலகையைப் பக்கத்தில் இழுத்து வைத்தார். அதில் இரண்டு ஷிஃப்டும் நன்றாக இருந்தன. ஆனால் எஃப் விசையில் எழுத்தே இல்லை. விரல் பட்டுப் பட்டு வழவழவென்று மொட்டையாகிவிட்டிருந்தது. ஷிஃப்ட் செத்த பலகையிலோ ஏ, யூ, ஐ எல்லாம் மங்கிக் கிடக்க, எஃப் மட்டும் நேற்று வாங்கியது போலப் பளிச்சென்று இருந்தது. டீச்சர் இரண்டையும் வெகுநேரம் பார்த்தார். குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார்.

லொள்ளுவால் பொறுக்க முடியவில்லை. "டீச்சர்! ஷிஃப்ட் கெட்டது கல்யாணப் பொண்ணு மேஜையில! அப்ப அந்தப் பொண்ணே தன்னைப் பத்தி..."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு," என்றார் மெல்ல. "சொல்ல வாய் வரல. கல்யாணத்துல இஷ்டமில்லையோ என்னவோ. இதை இப்படியே விட்டுடுங்களேன். பைண்டரை நானே திரும்ப வேலைக்கு எடுத்துக்கறேன். பாப்பா பேரு வெளியில வர வேண்டாம்."

"அவங்க வீடு எங்க?" என்றார் டீச்சர்.

*

"எனக்குப் புரிஞ்சு போச்சு," என்றான் லொள்ளு வண்டியை ஓட்டிக்கொண்டே. "பிடிக்காத கல்யாணம். அப்பா, அம்மாகிட்டச் சொல்லப் பயம். தானே கடுதாசி போட்டுத் தானே அழுதுக்கிட்டு உக்காந்திருக்கு. வழக்கு முடிஞ்சுது. நீங்க வீட்டுக்குப் போய்க் காலை நீட்டலாம்."

"இருக்கலாம்."

"உங்க 'இருக்கலாம்'ல நம்பிக்கையே இல்லையே, டீச்சர்."

டீச்சர் சீட்டில் தலையைச் சாய்த்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறாரா, யோசிக்கிறாரா என்று லொள்ளுவுக்கு இந்த ஆறு வருடத்தில் ஒரு தடவைகூடக் கண்டுபிடிக்க முடிந்ததில்லை.

கதவைத் திறந்தவர் பெண்ணின் அம்மா. "இன்னும் என்ன கேக்கணும் அவகிட்ட?" என்றார். குரலில் கோபம்கூட மிச்சமில்லை. இருந்தாலும் வழிவிட்டார்.

பெண் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு வயது. தலையை வாரி இரண்டு நாள் ஆகியிருக்கும். டீச்சர் எதிரே உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி. உங்க கீபோர்டுல இடது ஷிஃப்ட் எப்போ கெட்டுது?"

பெண்ணுக்குப் புரியவில்லை. "கெடலையே."

"நிச்சயமா?"

"எனக்குத் தெரியாம எப்படிக் கெடும்? ஷிஃப்டைப் பிடிக்காம என்னால ஒரு நேர்கோடுகூடப் போட முடியாது. படத்தைப் பெருசாக்கணும்னாலும் அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இழுக்கணும், இல்லன்னா மூஞ்சி கோணிக்கும். வலது கையில மவுஸ், இடது கை நாள் பூரா ஷிஃப்ட்லதான் இருக்கும். நான் கடைசியா வேலை பார்த்த அன்னிக்குக்கூட எட்டுப் பக்கம் முடிச்சேன்."

"கடிதம் வந்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அன்னிக்குத்தான். சாயங்காலம் அப்பா போன் பண்ணிச் சொன்னாங்க. அப்படியே எழுந்து வந்துட்டேன்."

லொள்ளு வாயைத் திறந்து, மறுபடி மூடினான்.

"இந்த மேஜை மேல அடிச்சுக் காட்டுங்க," என்றார் டீச்சர். "கீபோர்டு இருக்கறதா நெனச்சுக்குங்க. 'எனக்கும் அவர்களுக்கும் சம்பந்தம் இல்லை.'"

பெண் விசித்திரமாகப் பார்த்தாள். ஆனால் கைகள் தானாகவே மேஜைக்குப் போயின. பத்து விரலும் இடம் தெரிந்து இறங்கின. டீச்சரின் கண் அவளுடைய இடது ஆள்காட்டி விரலிலேயே இருந்தது. அது ஒரே இடத்தில் தட்டிக்கொண்டேயிருந்தது.

"அந்த விரல் ஏன் இத்தனை தடவை தட்டுது?"

"புள்ளிக்கு. நான் அடிக்கிறது தமிழ்99 முறை. அதுல மெய்யெழுத்துப் புள்ளி எஃப்ல இருக்கு. தமிழ்ல புள்ளி இல்லாம ஒரு வரி எழுத முடியுமா? எந்தக் கீபோர்டு வாங்கினாலும் எனக்கு முதல்ல தேயறது எஃப்தான்."

"ஃபொனடிக் அடிக்கிறவங்களுக்கு?"

"அவங்களுக்கு எஃப் வேலையே இல்லை. சித்தப்பா ஃபொனடிக்தான். நான்தான் போட்டுக் குடுத்தேன். ஒத்தை விரல்ல தேடித் தேடிக் குத்துவாரு, பாவம்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். சன்னலுக்கு வெளியே ஏதோ வண்டி ஒலிப்பானை அழுத்தியபடி போனது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எதுக்கு இதையெல்லாம் கேக்கறீங்க?" என்றாள்.

டீச்சருக்கு இந்தத் தொழிலில் பிடிக்காத நேரம் இதுதான். சொல்வதற்கு முன்னாலேயே எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும் நேரம்.

"உங்க மேஜையில இப்போ இருக்கற கீபோர்டுல இடது ஷிஃப்ட் செத்துப்போச்சு," என்றார். "அதோட எஃப் புத்தம்புதுசா இருக்கு. சித்தப்பா மேஜையில இருக்கறதுல எஃப் மொட்டையா இருக்கு."

பெண் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டாள். "நானும் வரேன்."

*

அவர்கள் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பைண்டர் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தார். டீச்சர் அவரையும் கூட்டிக்கொண்டு ஏறினார். ஒவ்வொரு படிக்கும் கைப்பிடியைப் பிடித்தார்.

அண்ணன் மகளைக் கண்டதும் முதலாளி சட்டென்று எழுந்தார். "பாப்பா! வந்துட்டியா? இங்க பாரு, எல்லாம் கட்டம் கட்டமா..."

"உக்காருங்க," என்றார் டீச்சர். இரண்டு விசைப்பலகைகளையும் அவர் முன்னால் வைத்தார். "நீங்க எஃப் எழுத்தை எதுக்காவது பயன்படுத்துவீங்களா?"

"எதுக்கு... அதெல்லாம் இல்லையே."

"அப்ப உங்க மேஜையில இருக்கற கீபோர்டுல எஃப் எப்படித் தேஞ்சுது?"

முதலாளி குனிந்து பார்த்தார். அவர் அதுவரை அதைக் கவனித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"இது உங்களுது இல்லை. இவங்களுது. ஷிஃப்ட் செத்ததுதான் உங்களுது. இவங்க வராம போனதும் மாத்தி வச்சுக்கிட்டீங்க. ஒரே மாதிரி இருக்கு, யார் கவனிக்கப் போறாங்கன்னு. அது பெரிய குத்தம் இல்லை, எல்லாரும் செய்யறதுதான். ஆனா நான் இன்னிக்கு மதியம் கெட்ட ஷிஃப்டை இவங்க மேஜையில கண்டுபிடிச்சேன். அப்பவாவது அது என்னுதுன்னு சொல்லியிருக்கலாம். அதுக்குப் பதிலா, இவங்களே எழுதியிருப்பாங்கன்னு சொன்னீங்க."

பெண் திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தாள். அந்தக் கடைசி வாக்கியம் அவளுக்குப் புதிது.

"வலது பக்கமும் ஒரு ஷிஃப்ட் இருக்கு. ஒத்தை விரல்காரங்க கை அந்தப் பக்கம் போறதே இல்லை," என்றார் டீச்சர். "இன்னொண்ணு, இந்த ஃபான்ட் உங்க கணினியில இருந்ததே இல்லைன்னீங்க. விடுமுறை அறிவிப்பைப் போன மாசம் நீங்களே இங்க அடிச்சு அச்செடுத்தீங்க. கதவுல இன்னும் தொங்குது, வால் சுழிச்ச 'ழ'வோட. இன்னிக்கு அதே கோப்பும் கட்டமா வருது. ஃபான்ட் தானா எழுந்து நடந்து போகாது. கடிதம் கடையோட எழுத்துன்னு தெரிஞ்சதும் பயந்துபோய் அழிச்சீங்க. அழிச்சதுல பத்திரிகையும் சேர்ந்து போச்சு."

முதலாளி மறுக்கவில்லை. நாற்காலியில் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினார், அவ்வளவுதான். பத்து நாளாகச் சுமந்ததை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைத்தது போல.

"அடிக்கும்போதே தப்புத்தப்பா விழுந்துச்சு," என்றார். "திருத்தப் பார்த்தேன், வரல. சரி, இதுவும் நல்லதுதான், யாரோ படிக்காதவன் எழுதினான்னு நெனச்சுப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"இந்தக் கடையில படிக்காதவன் நான் ஒருத்தன்தானே, முதலாளி?" என்றார் பைண்டர்.

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். முதலாளியால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"உன்னை அடிப்பாங்கன்னு நெனைக்கல."

"அடிச்சப்ப இங்கதானே நின்னீங்க?"

லொள்ளு ஏதாவது சொல்வான் என்று டீச்சர் எதிர்பார்த்தார். அவன் காகிதக் கட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏன் சித்தப்பா?" என்றாள் பெண்.

"கடை," என்றார் அவர். "மாப்பிள்ளைக்கு வேலை கடல் தாண்டி. நீ போயிட்டா யார் இருக்கா? வாரப் பத்திரிகை, பாடப் புத்தகம், எல்லாம் நீ செஞ்ச எழுத்துல ஓடுது. ஒரு கட்டம் விழுந்தா எடுக்க எனக்குத் தெரியாது. இருபது வருஷக் கடை, பாப்பா. ஒரு ஆறு மாசம் தள்ளிப் போகட்டும்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள யாரையாவது பழக்கிடலாம்னு. அவங்க முழுசா முறிச்சுக்குவாங்கன்னு..."

"நான் அங்க இருந்தே பக்கம் செஞ்சு அனுப்பறதா இருந்தேன்," என்றாள் அவள். "அவர்கிட்டயும் சொல்லிட்டேன். வாரத்துல மூணு நாள் நம்ம கடை வேலைன்னு. அவரும் சரின்னாரு. கல்யாணம் முடிஞ்சதும் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தேன். சந்தோஷப்படுவீங்கன்னு."

முதலாளி வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. சத்தம் வரவில்லை.

யாரும் அவர் அருகில் போகவில்லை. மேஜையில் தொலைபேசி அடித்தது. பத்திரிகைக்காரர்களாக இருக்கும். அடித்து ஓய்ந்தது.

பெண் எஃப் தேய்ந்த விசைப்பலகையைச் செருகித் தன் கணினியைப் போட்டாள். பாஸ்வேர்டைத் தட்டினாள். எழுத்துருவை ஒரு பென் டிரைவில் எடுத்துவந்து சித்தப்பாவின் கணினியில் போட்டாள். மூன்று சொடுக்கு. திரையில் இருந்த கட்டங்கள் வரிசையாக எழுத்தாக மாறின. பத்திரிகையின் முதல் பக்கம் ஒன்றுமே நடக்காதது போல வந்து நின்றது. அதை மூடிவிட்டு வெற்றுத் தாள் ஒன்றைத் திறந்து, அதே விசைப்பலகையைச் செருகி அவர் முன்னால் வைத்தாள்.

"எழுதுங்க," என்றாள். "அவங்க வீட்டுக்கு. நான்தான் எழுதினேன், சொன்னது பொய்னு. கீழ பேரு போட்டு. பைண்டர் அண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னும் போடுங்க. ரெண்டு பிரதி."

"மாப்பிள்ளை வீட்டுல மறுபடி பேசலாமா, பாப்பா? நானே நேர்ல போய்க் கால்ல விழறேன்."

"ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டுக் கேட்காம முறிச்சுக்கிட்டவங்க, சித்தப்பா. அவங்களுக்கு உண்மை தெரியணும். அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடிக் குத்தினார். மூன்று வரிக்குக் கால்மணி நேரம் ஆனது. நான்காவது வரியில் பெயரைப் போட்டார்.

அச்சு இயந்திரம் இரண்டு தாள்களைத் துப்பியது. ஒன்றை எடுத்துப் பெண் பைண்டரிடம் நீட்டினாள். "அண்ணா, நீங்க படிங்க. சரின்னு சொன்னாத்தான் அனுப்பணும்."

பைண்டர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். விளக்குக்கு அடியில் போய் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். உதடுகள் அசைந்தன. ஓர் இடத்தில் நின்று, திரும்பிப் போய், மறுபடி வந்தார். முடிக்கும்வரை யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"சரியா இருக்கு," என்றார் கடைசியில். "இதை நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாங்களா? பிள்ளைங்க படிக்கணும்."

"அதுக்குத்தான் ரெண்டு."

அவர் தாளை மடிக்காமல், கசங்காமல், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். டீச்சர் குறிப்பேட்டை மூடிப் பைக்குள் போட்டார். எழுந்திருக்க லொள்ளு கை கொடுத்தான்.

பெண் பென் டிரைவை முதலாளியின் மேஜைமேல் வைத்தாள். பிறகு விசைப்பலகைகளை எடுத்து, அவரவருடையதை அவரவர் மேஜையில் செருகினாள். தன்னுடைய இழுப்பறையைத் திறந்து ஒரு தண்ணீர்ப் புட்டியையும் சீப்பையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"பாப்பா," என்றார் முதலாளி. "திங்கக்கிழமை வருவியா?"

"பத்திரிகை திறக்கும், சித்தப்பா. ஃபான்ட் இதுல இருக்கு, தொலைஞ்சா மறுபடி போட்டுக்கலாம். பாஸ்வேர்டு தாள்ல எழுதி வச்சிருக்கேன்." கதவருகில் ஒரு கணம் நின்றாள். "நான் வரல."

கண்ணாடிக் கதவு அவளுக்குப் பின்னால் மெல்ல வந்து மூடிக்கொண்டது.